கமலாவைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாய்க்கு ஊசி வேண்டாம், மாத்திரை வேண்டாம், மாட்டாஸ்பத்திரிப் பக்கமே போக வேண்டாம் என்று நம் திருவண்ணாமலைப் பெரியவர் ஒருவர் சொல்லி வருகிறார். திண்ணையோடு நின்றிருந்தால் நானும் காதில் வாங்காமல் போயிருப்பேன். இப்போது அதைத் துண்டறிக்கையாக அச்சடித்து, பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் கையில் திணிக்கிற அளவுக்குப் போய்விட்டது. பெயர் எழுதவில்லை. அவர் ஒருவர் என்றால் எழுதலாம். தெருவுக்கு நாலு பேர் இதே வேதத்தை ஓதிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் வாதத்தின் சாரம் இது. நாட்டு நாய்க்கு நோயை எதிர்க்கும் சக்தி பிறவியிலேயே உண்டு. ரமண மகரிஷி மலைமேல் வைத்திருந்த கமலா, சின்னக் கருப்பன் என்ற நாய்களுக்கு யார் ஊசி போட்டார்கள்? சொறிக்கு வண்டியின் பழைய ஆயில், புண்ணுக்கு மஞ்சள், கடிக்குச் சுண்ணாம்பு. கருத்தடை பாவம். நாய்க்கு டாக்டர் என்பதே ரமண நகருக்கு வரும் வெள்ளைக்காரர்கள் கிளப்பிவிட்ட மோகம். நாய் வீட்டுக்கு ஒத்துவராவிட்டால் கிரிவலப் பாதையில் விட்டுவிடலாம், அன்னதானத்துக்கா பஞ்சம், அண்ணாமலையார் பார்த்துக்கொள்வார்.

பிறவி எதிர்ப்புச் சக்தியிலிருந்து தொடங்குவோம், மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. தெருவில் ஓடுகிற பெரிய நாய்களைக் காட்டி, பாருங்கள் எப்படித் திடமாக இருக்கின்றன என்கிறார். இருக்கின்றன. செத்துப்போனவை அவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்? கொல்கத்தா ஐஐஎஸ்இஆர் ஆய்வாளர்கள் மேற்கு வங்கத்துத் தெருக்களில் 364 குட்டிகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். குட்டி போடும் வயதைத் தொட்டவை நூற்றுக்கு 19 மட்டுமே. மீதி வண்டியில் அடிபட்டும், மனிதர் கையாலும், நோயிலும் போயின. அந்த 19ஐ நிறுத்தி வைத்து எதிர்ப்புச் சக்தி பேசுகிறவர், 81ஐப் பற்றி வாயே திறப்பதில்லை. தெரு ஒன்றும் வைத்தியம் பார்ப்பதில்லை ஐயா, வடிகட்டுகிறது. நீங்கள் வீட்டுக்குத் தூக்கி வரும் குட்டி அந்த 19இல் ஒன்றா, 81இல் ஒன்றா என்பது அதன் முகத்தில் எழுதியிருக்காது.

இனி ரமணர். இந்த ஊரில் எந்த வாதம் நொண்டினாலும் முட்டுக் கொடுக்க அவரை இழுத்து வருவது வழக்கமாகிவிட்டது. நாய்களை அவர் 'பசங்கள்' என்றுதான் அழைத்தார், உண்மை. புதிதாக வருகிறவர்களைக் கூட்டிப்போய்க் குகை, தீர்த்தம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிவரக் கமலாவை அனுப்புவார் என்பதும் அடியார்கள் எழுதி வைத்ததே. ஆனால் அதே குறிப்புகளில் ஜாக்கி என்ற நாயின் கதையும் இருக்கிறது. அதைப் பெரியவர் படிக்கவில்லையா, படித்தும் விழுங்கிவிட்டாரா தெரியவில்லை. ஜாக்கி நோயில் விழுந்தபோது அதற்கு மெத்தென்று படுக்கை போட்டு, கூட இருந்து கவனித்தவர் ரமணர். நோய் முற்றி நாற்றம் எடுத்தபோதும் விலகவில்லை, கையில் எடுத்து வைத்துத் தடவிக் கொடுத்தார் என்கிறார்கள். ஆசிரமத்தில் பசு லட்சுமி, மான், காகம் ஆகியவற்றின் சமாதிகளோடு ஜாக்கிக்கும் சமாதி உண்டு. போய்ப் பார்த்து வரலாம், கட்டணம் இல்லை. நோயுற்ற நாயைத் தெரு பார்த்துக்கொள்ளும் என்று அவர் விட்டதாக ஒரு வரி காட்டட்டும், இந்தக் கட்டுரையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கமலாவுக்கு ஊசி போட்டது யார் என்ற கேள்விக்குத் தேதியோடு பதில் இருக்கிறது. இன்று குட்டிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் பார்வோ வைரஸ், கமலா காலத்தில் உலகத்திலேயே கிடையாது. அது தலைகாட்டியது 1978இல். இரண்டே ஆண்டுகளில் கண்டம் கண்டமாகப் பரவி, எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னைக்கும் வந்துவிட்டது. ரமணர் மறைந்தது 1950 ஏப்ரல் 14. இல்லாத நோய்க்கு அன்று யாரும் ஊசி போடவில்லை என்பது இன்று போட வேண்டாம் என்பதற்கு ஆதாரமா? எங்கள் தாத்தா ஹெல்மெட் போட்டதில்லை என்று பைபாஸில் சொல்லிப் பாருங்கள்.

பார்வோ எப்படி வரும் என்று துண்டறிக்கையில் இல்லாததை நான் சொல்கிறேன். குட்டி வந்த முதல் இரண்டு மூன்று நாள் செருப்பைக் கடிக்கும், காலைச் சுற்றும். வீடே கொண்டாட்டமாக இருக்கும். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ சோற்றைத் திரும்பிப் பார்க்காது. வெள்ளை நுரையாக வாந்தி எடுக்கும். பிறகு பேதி, அதில் ரத்தம். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். கண் உள்ளே போய்விடும். தோலை இரண்டு விரலால் தூக்கிவிட்டால் மடிப்பு மடிப்பாகவே நிற்கும். அதற்குள் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள். அப்போது இளநீரும் மோரும் வாயில் ஊற்றினால் அதுவும் வாந்தியாகத்தான் வரும், நரம்பில் டிரிப்ஸ் ஏற வேண்டும். பிழைத்தாலும் செத்தாலும் அந்த வைரஸ் உங்கள் வாசல் மண்ணில் மாதக் கணக்கில் கிடக்கும். பினாயில் ஊற்றிக் கழுவினால் வாசனைதான் மாறும், வைரஸ் சாகாது. பிளீச்சிங் பவுடர் கரைசல் வேண்டும். அதே வாசலுக்கு அடுத்த மாதம் இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து, அதுவும் செத்ததும் வீட்டுக்கு நாய் ராசியில்லை என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. ராசிக்கு இதில் வேலையே இல்லை.

தடுப்பதற்குத் தேவையானது குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கும் கூட்டுத் தடுப்பூசி. பார்வோவோடு டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கும் சேர்த்து ஒரே குப்பியில் வருகிறது. தாய்ப்பாலில் வந்த பாதுகாப்பு எந்த வாரத்தில் தீரும் என்று சொல்ல முடியாது. அது இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அதனால்தான் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று பதினாறு வாரம்வரை திரும்பப் போடச் சொல்கிறார்கள். பெரியவர் இதைக் காசு பிடுங்கும் வேலை என்கிறார். இது கணக்கு. குடற்புழு மாத்திரையும் அப்படியே. குட்டிக்கு மூன்று மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒன்று. வயிறு பானையாகவும் விலா எலும்பு வெளியேயும் இருக்கும் குட்டியைப் பார்த்து, நன்றாகச் சாப்பிடுகிறது என்று மகிழாதீர்கள். சாப்பிடுவது உள்ளே இருக்கும் புழு. அந்தப் புழுவின் முட்டை மண்ணில் விழுந்து, அதே மண்ணில் விளையாடும் உங்கள் பேரன் கை வழியாக வாய்க்குப் போகும்.

பழைய ஆயில் வைத்தியத்துக்கு வருகிறேன். இதை எழுதும்போது என்னால் கோபத்தை அடக்க முடியவில்லை. மெக்கானிக் கடையில் வண்டியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய் நாயின் தோலுக்கு மருந்தாம். சொறி என்பது தோலுக்குள் வளை தோண்டும் பூச்சியால் வருவது. ஆயில் பூசினால் தோல் வெந்து போகும். நாய் சும்மா இருக்காது, நக்கும். உலோகத் தூளும் பெட்ரோலியக் கழிவும் கலந்த அந்தக் குழம்பு அப்படியே வயிற்றுக்குப் போகும். நான்கு நாளில் அரிப்பு நின்றுவிட்டது என்கிறீர்களே, நாய்க்கு எழுந்து சொறியத் தெம்பு இருக்கிறதா என்று பார்த்தீர்களா? இன்று சொறிக்கு எடை பார்த்துக் கொடுக்கும் மாத்திரையும் ஊசியும் உண்டு. எடை பார்த்து என்பதுதான் முக்கியம். பக்கத்து வீட்டில் மாட்டுக்கு வாங்கிய மருந்தில் மிச்சம் இருப்பதைக் கண்ணளவில் கொடுப்பதும் இதே ரகக் கொலைதான். மனிதர்கள் போடும் வலி மாத்திரையும் அப்படியே. புரூஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

உண்ணியைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. இந்த வெயில் ஊரில் புதிதாக நாய் எடுக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். காது மடலின் உள்பக்கம், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டையின் அடி. சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதைபோல் ஊதியிருப்பது பெட்டை. அது நாயைவிட்டு இறங்கிச் சுவர் வெடிப்பில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் நாயை மட்டும் குளிப்பாட்டுவது பாதி வேலை, சுவரையும் கட்டிலின் அடியையும் பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் சத்தமில்லாமல் வரும். நாய் கொஞ்சம் சோர்ந்திருக்கும், வெயிலால் என்று நினைப்போம். மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தால், மூக்கில் ரத்தம் கசிந்தால், அன்றே போக வேண்டும். ஒரு சொட்டு ரத்தத்தைப் பரிசோதித்தால் துப்புக் கிடைத்துவிடும், பெரும்பாலும் விலை குறைந்த மாத்திரையிலேயே குணமாகும். ஆனால் அதை மூன்று நான்கு வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாள் வாலை ஆட்டியது என்று நிறுத்தினால் காய்ச்சல் திரும்பி வரும்.

சாப்பாட்டில் அவரோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. பாக்கெட் தீனி இல்லாமல் நாய் வளரும், பளபளக்கும் ஷாம்பு இல்லாமலும் வளரும். சோறு, முட்டை, வேகவைத்த கோழி போதும். வெங்காயம் மிதக்கும் சாம்பாரும் பிரியாணி மிச்சமும் கூடாது, வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். வேகவைத்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். அவ்வளவுதான்.

வெள்ளைக்காரர் கிளப்பிவிட்ட மோகம் என்பதற்கு அதிக இடம் தேவையில்லை. நம் மாவட்டத்திலேயே, தண்டராம்பட்டு பக்கம் எடத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. தன் எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக நட்டது. அவன் பக்கத்தில் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 1,400 ஆண்டுக்கு முன் நாய்க்குப் பெயரும் கல்லும் கொடுத்த ஊர்க்காரர்களுக்கு, நாயைக் கவனிக்க எந்தக் கப்பலில் வந்தவர் சொல்லிக் கொடுத்தார்? தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து கட்டுப்படுத்தும் திட்டமும் சென்னையிலிருந்து வந்ததுதான். விமானி கேப்டன் வி. சுந்தரம் நிறுவிய புளூ கிராஸ் அறுபதுகளிலேயே அதை எடுத்தது, 1996இல் சென்னை மாநகராட்சி கைகோத்தது, 2001இல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் விதியாக்கியது. செங்கம் சாலையில் இருக்கும் அருணாச்சலா விலங்குகள் சரணாலயத்தை வெளிநாட்டார் வைத்தது என்று உதறுகிறார். அங்கே கொண்டுவந்து போடப்படும் அடிபட்ட நாய்கள் எந்த ஊர் நாய்கள்?

கருத்தடை பாவம் என்பவர் பெட்டை நாயின் பாட்டைக் கண்டவராக இருக்க முடியாது. வருடத்துக்கு இரண்டு பருவம், ஒவ்வொன்றிலும் வாசலில் ஏழெட்டு ஆண் நாய்களின் சண்டை, பிறகு ஐந்தாறு குட்டி. அந்தக் குட்டிகளைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் போட்டுவிட்டு வருவது எந்தக் கணக்கில் புண்ணியம்? ஒரு ஈற்றாவது போட்டால்தான் பெட்டைக்கு நல்லது என்பதும் கதை. கருத்தடை செய்யாத பெட்டைக்கு வயது ஏறியதும் கருப்பையில் சீழ் கட்டும், மார்பில் கட்டி வரும். தெரு நாய்களில் இணைசேரும்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றுகிற புற்றுக்கட்டி ஒன்றும் உண்டு. பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போல் ரத்தம் கசியும் அந்தக் கட்டியை நம்மூரில் அநேகம் பேர் அடிபட்ட புண் என்று நினைத்து மஞ்சள் பூசிக்கொண்டிருக்கிறார்கள். வாரம் ஒரு ஊசியாகச் சில வாரத்தில் கரைந்துவிடக்கூடியது அது.

கடைசியில் வைத்திருக்கிறேன் சுண்ணாம்பை. மற்ற அறிவுரைகளால் நாய் சாகும். இதனால் மனிதர் சாவார்கள், அதிலும் குழந்தைகள். புது நாய் விளையாட்டாகப் பல் பதித்தால் சுண்ணாம்போ மிளகாய்த்தூளோ வைத்துக் கட்டினால் போதும், வீட்டில் வளரும் குட்டிக்கு வெறி பிடிக்காது என்று எழுதியிருக்கிறார். பிடிக்கும். நேற்றுவரை தெருவில் இருந்த குட்டியை அதற்கு முன்பே வெறிநாய் கடித்திருக்கலாம்; கிருமி வாரக் கணக்கில், மாதக் கணக்கில் சத்தமில்லாமல் உள்ளே இருக்கும். அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் வந்துவிடும். மனிதருக்கு வெறிநோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் வைத்தியம் இல்லை. உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதில் சாகிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இந்தியாவின் பங்கு அதில் மிகப் பெரியது.

செய்ய வேண்டியது எளிது. கடித்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து என்றால் கடிகாரம் பார்த்துப் பதினைந்து. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் அதன்மேல் ஏறக்கூடாது. நேரே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். தடுப்பூசிக்குக் காசு கிடையாது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பயம் அந்தக் காலத்தது, இப்போது கையில்தான் போடுகிறார்கள், மொத்தம் நான்கைந்து தவணை. ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் செலுத்துவார்கள், அதை வேண்டாம் என்று எழுந்து வரக்கூடாது. நாயைப் பத்து நாள் கட்டிவைத்துப் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருப்பது தவறு. ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் நாயைக் கவனிக்க வேண்டும். நாய்க்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஒரு பூஸ்டர், அப்புறம் வருடம் ஒன்று. பணம் இல்லை என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினம், 1885இல் பாஸ்டரின் வெறிநோய்த் தடுப்பூசி முதன்முதலில் ஒரு சிறுவனுக்குப் போடப்பட்ட நாள். அதையொட்டிக் கால்நடைத் துறை இலவச முகாம் நடத்துகிறது.

ஒத்துவராவிட்டால் கிரிவலப் பாதையில் விடலாம் என்கிற அந்தக் கடைசி வரிக்குச் சட்டமே பதில் சொல்கிறது. வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்திலிருந்து ஐம்பது ரூபாய்தான், பாதையோரக் கடையில் நாலு பேர் டீ குடிக்கிற காசு. பெரியவருக்குத் துணிச்சல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 2025 ஆகஸ்ட் 22 ஆணையில் உச்ச நீதிமன்றம், தெருநாயைத் தத்தெடுத்தவர் அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்தப் பதினான்கு கிலோமீட்டரில் அஷ்ட லிங்கத்துக்கு நடுவே ஒவ்வொரு நூறு அடிக்கும் ஒரு நாய்க்கூட்டம் எல்லை பிரித்து வைத்திருக்கிறது. வீட்டில் ஆறு மாதம் பழகிய நாயை இரவில் ஆட்டோவில் கொண்டுபோய் அங்கே இறக்கினால் விடிவதற்குள் அந்தக் கூட்டம் குதறிவிடும். காயத்தில் ஈ மொய்க்கும், இரண்டு நாளில் புழு நெளியும். பௌர்ணமி அன்னதானம் மாதம் ஒருநாள். மிச்ச நாட்களுக்கு அண்ணாமலையார் மேல் பாரத்தைப் போடுவது பக்தியில் சேராது, கை கழுவல்.

அடுத்த பௌர்ணமிக்கு அதே துண்டறிக்கை மறுபடி அச்சாகப் போவதாகக் கேள்விப்பட்டேன். மற்றதை எப்படியோ வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. சுண்ணாம்பு வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சோப்பு, பதினைந்து நிமிடம், அரசு மருத்துவமனை என்று போடுங்கள். அச்சுக் கூலியை நான் தருகிறேன்.